குறிக்கு வெளியே

தண்டர் பேயில் ஜனவரி.
மைனஸ் இருபத்தெட்டு.
ஏரி கண்ணுக்குத் தெரியவில்லை,
இருக்கிறது என்று நம்பிக்கொண்டு
பார்க்கிங்கைக் கடந்தேன்.
விடிகாலை நாலிலிருந்து பனி தள்ளிய வண்டியின் அதிர்வு
இன்னும் முழங்கைவரை மிச்சம்.

பொருள் சோதனைக் கூடம். மாலை ஏழு.
லொரீன் ஹ்ரின்கிவ் முன்பே வந்திருந்தாள்.
ஒன்பதுக்கு டோனட் கடையில் இரவு வேலை.
சீருடை, அதன்மேல் ஆய்வகக் கோட்டு,
காலரில் கொஞ்சம் சர்க்கரைத் தூள்.
கோப்புக்குள்ளிருந்து மஞ்சளாய் ஒரு தாள் துருத்தியது.
நான் கேட்கவில்லை.
"விலகல் படிவம்" என்றாள்.
"வெள்ளிக்குள் கொடுத்தால் பாதிக் கட்டணம் திரும்பும்.
கால்குலஸ் முப்பத்தெட்டு.
பையனுக்குப் பனிக்காலணி எண்பத்தைந்து டாலர்."
ஒரே அலகில் இருக்கும் எண்களைப் போல
அடுத்தடுத்துச் சொன்னாள்.

மென்னெஃகுத் தண்டு, இடுப்பில் ஒல்லி.
ஐம்பது மில்லிமீட்டர் விட்டு
இரண்டு புள்ளி குத்தினோம்.
புள்ளிகளுக்கு நடுவே முறிந்தால்தான் கணக்கில் சேரும்.
மேல்தாடை கவ்வியது. கீழ்த்தாடை கவ்வியது.

முதல் தண்டு தாடையோரத்திலேயே முறிந்தது,
குறிக்கு வெளியே.
செல்லாது என்றது கையேடு.
லொரீன் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.
என்னைப் போல என்று சொல்லிவிடுவாளோ என்று
பயந்துகொண்டு நின்றேன்.
"கோணலாக மாட்டியது நீதான், ஒன்னி" என்றாள்.
உண்மை.

இரண்டாவது தண்டு.
கோடு முதலில் நேராக ஏறியது.
அந்த உயரம்வரை
இழுத்ததை விட்டுவிட்டால் தண்டு பழைய நீளத்துக்கே போய்விடும்,
எதுவும் நடக்காத மாதிரி.
பிறகு சின்னதாக ஒரு தடுமாற்றம்.
அதற்கப்புறம் விட்டாலும் திரும்பாது.
ஏறி, வளைந்து, உச்சி தொட்டு,
நடுவில் கழுத்து விழுந்தது.
திரையில் கோடு இறங்கத் தொடங்கியது.

"அவ்வளவுதான், தளர்ந்துவிட்டது" என்றேன்.
"இல்லை. நீ இன்னும் பழைய பருமனால் வகுக்கிறாய்.
கழுத்து எவ்வளவு மெலிந்திருக்கிறது பார்.
அதால் வகுத்துப் பார்.
ஏறிக்கொண்டுதான் இருக்கிறது."

வகுத்துப் பார்த்தேன்.
கால்குலஸில் எனக்கு எண்பத்தொன்று.

டப்.
வரப்போகிறது என்று தெரிந்தும்
இருவரும் துள்ளினோம்.
ஒரு முனை கிண்ணம், மறுமுனை கூம்பு.
"சீக்கிரம் தொடு" என்றாள்.
முறிந்த இடம் சூடாக இருந்தது,
இப்போதுதான் அணைத்த பல்பு போல.
யாரும் தீ வைக்கவில்லை.
இழுபட்டதின் சூடு.

பிறகு கையேடு சொன்னபடி
இரண்டு துண்டையும் முனையோடு முனை பொருத்திப் பிடித்தாள்.
ஒட்டவைக்க அல்ல,
எவ்வளவு நீண்டது என்று பார்க்க.
காலிப்பரை நான் வைத்தேன்.
அறுபத்தாறு புள்ளி நான்கு.
அவள் விரல்கள் ஆடவில்லை.

வரைபடத்தைக் கையால் போட வேண்டும்.
வரைதாள் தீர்ந்திருந்தது. மணி எட்டு இருபது.
சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு
கிளெண்டா வாசலில் நின்றாள்.
லொரீன் கோப்பைத் துழாவினாள்,
மஞ்சள் தாளைத் திருப்பிப் போட்டாள்,
அச்சுகளைக் கிழித்த மாதிரி வரைந்தாள்.
"உறுதியாகவா?" என்றேன்.
"பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது."

அறிக்கையோடு சேர்த்து ஸ்டேப்லர் அடித்தது நான்.
புதிய படிவம் அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும்;
அது எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பனி.
எந்தக் கார் கல்லூரிக்கு வந்தது
எது வரவில்லை என்று
நான் தள்ளிய தெருக்கள் சொல்லவில்லை.

செவ்வாயன்று அறிக்கை திரும்பி வந்தது.
பத்துக்கு ஏழு.
வரைபடத்தின் ஓரத்தில் பச்சை மையில்:
அலகு எங்கே?
தாளைப் புரட்டினேன்.
'விலகுவதற்கான காரணம்' என்ற கட்டத்துக்குள்
மை ஊறி, அந்தக் கோடு
தலைகீழாக அல்ல, இடம்வலம் மாறி,
உடைந்த இடத்திலிருந்து தொடங்கி
ஏறிக்கொண்டிருந்தது.

ஏழு பத்துக்குக் கதவு திறந்தது.
முதலில் காலணிச் சத்தம்,
இரண்டு அளவு பெரியது, சின்னக் கால்.
"ஆள் கிடைக்கவில்லை. மூலையில் உட்காருவான்" என்றாள்,
கோட்டை மாட்டிக்கொண்டே
அறிக்கையை என் கையிலிருந்து வாங்கினாள்.

"அலகு எழுத வேண்டியது நீ."