எண்ணிக்கை

திங்கட்கிழமைகளில் குழல்கள் திரும்பி வரும்.
ரொட்டிப் பையில், சோளமாவுப் பையில்,
ஒருத்தி கொண்டுவந்தாள் குழந்தையின் காலுறையில்.
கையுறை மாட்டி, மேசையில் பரப்பி
காலிக் குழல்களை எண்ணுவது என் வேலை.
இம்பெண்ட்லே மருத்துவமனை, மூன்றாம் அறை.
ஜன்னலில் ஜூலைப் பனி படிந்த மலை.

முன்னே ஒன்று, பின்னே ஒன்று,
கணவன் சுரங்கத்திலிருந்து வரும் நாட்களில்.
உள்ளே இருப்பது மருந்துக் களிம்பா, வெறும் களிம்பா
அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
ஆய்வு என்றால் அப்படித்தான்.

ஸிபுயிலேயின் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை.
பன்னிரண்டு கொடுத்தால் பன்னிரண்டு.
கழுவித் துடைத்துக் கொண்டுவருவாள்,
வேண்டாம் என்று சொல்லியும்.

பதினான்காம் மாதம், பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு.
"எல்லாவற்றையும் போட்டேனே, சிஸ்டர்."
"எல்லாவற்றையும்?"
ஈஸ்டரின்போது? போட்டேன்.
அவர் குடித்துவிட்டு வந்த ராத்திரி?
அன்றைக்கும்.
படிவத்தில் எழுதினேன்:
போட்டதாகச் சொல்கிறார்.

சொல்கிறார்.
அந்த ஒரு சொல் போதும்
ஒருத்தியைப் பொய்க்காரி ஆக்க,
மரியாதை விகுதி கெடாமல்.

அவளிடமிருந்து எடுத்த பஞ்சுக்குச்சி மட்டும்
உறைபெட்டியில் கிடந்தது,
மைனஸ் எண்பது டிகிரியில்,
யாரும் விசாரிக்காத சாட்சியாக.
வருடங்கள் கழித்து யாரோ விசாரித்தார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த பெண்
கூடத்தை இருட்டாக்கிப் படம் காட்டினாள்.
சில பெண்களின் யோனியில் லாக்டோபசிலஸ் குடியிருக்கும்.
அமாசிக் குடுக்கையில் பாலைத் திரிக்கிறதே, அந்தக் குலம்.
புளிப்பாலேயே காவல் காக்கும்,
மருந்தைத் தொடாது.
வேறு சிலருக்கு வேறு குடிகள்.
கார்ட்னெரெல்லா என்றாள்.
மிஷன் பள்ளியில் என் முன்பெஞ்சில் இருந்தவள்
பெயர்போலக் கேட்டது.
அது மருந்தைத் தின்கிறது.
செல்லுக்குள் மருந்து போய்ச் சேருமுன்
மணிக்கணக்கில் தின்று தீர்க்கிறது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்போ, அழுக்கா?"
இல்லை.
பலருக்கு வலி கிடையாது, வாடை கிடையாது,
இருப்பதே தெரியாது.
சோப்புப் போட்டு உள்ளே கழுவக் கழுவ
காவல்காரக் குலம்தான் கலையும்.

உறை பிரித்தபோது பார்த்தேன்.
ஸிபுயிலேவுக்குப் போனது மருந்துக் களிம்புதான்.
போட்டாள். போடாதது போலாயிற்று.
இரண்டும் உண்மை.
என் படிவத்தில் ஒன்றுக்குத்தான் கட்டம் இருந்தது.

நான் எண்ணினேன்.
எண்ணிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை கோம்பி பிடித்துப் போனேன்.
கோழிக்கூண்டுக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தாள்.
இடுப்பில் கைபேசி, எட்டு மணி மாத்திரைக்கு மணியடிக்க.
சொன்னேன். குச்சியால் மண்ணில் வரைந்தும் காட்டினேன்.
கோழி ஒன்று என் கார்ட்னெரெல்லாவைக் கிளறிவிட்டுப் போனது.

"அப்படியானால், நான் பொய் சொல்லவில்லை என்று
இப்போதுதான் கண்டுபிடித்தார்களா?"
"ஆமாம்."
"எனக்கு அன்றைக்கே தெரியும்."

குறடைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.
மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன்.
கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நோக்வாஸிக்குப் பதினேழு ஆகிறது,
இவளுக்கு என்ன தருவீர்கள்?"
மாத்திரை இருக்கிறது என்றேன்.
வாய்வழி போவது, ரத்தத்தில் கலந்து வருவது,
அங்கே குடியிருப்பவை அதைக் கெடுப்பதாகத் தெரியவில்லை.
ஊசியும் வருகிறது.

"அதையும் எண்ணுவீர்களா?"

கம்பி சுரீரென்று விரலில் ஏறியது,
யார் விரலில் என்று சொல்ல மாட்டேன்.

திரும்பும் வழியில் மழை.
கோம்பியில் என்னோடு பதினாறு பேர்.
எண்ணினேன்.
பழக்கம்.