நிகர எடை

தீபாவளித் திரைச்சீலைக்கென்று
மைலோ டின்னில் மடித்து வைத்த நூற்றெண்பது வெள்ளி
சுங்கைப்பட்டாணியில் கித்தாராகிவிட்டது.
பேருந்தில் அதற்கும் ஓர் இருக்கை பிடித்தேன்.
“மகனுக்கா?” என்றாள் முன்வரிசைக்காரி.
ஆமாம் என்று சொல்லிவிட்டு
கோல கெட்டில் வரைக்கும்
அந்தப் பொய்யை மடியில் வைத்திருந்தேன்.

எனக்கு மகன் இல்லை.
நாற்பத்து மூன்று வயது இருக்கிறது.
செம்பனை ஆலை வாசலில், எடைமேடைக்குப் பக்கத்தில்,
ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது.
லோரி உள்ளே வரும்போது ஓர் எண்,
வெறும் வண்டியாய்த் திரும்பும்போது ஓர் எண்,
கழித்தால் வருவது பழம்.
பத்தொன்பது வருடமாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

குழந்தையை ஏந்துவதுபோல் பிடி என்றான்
கைப்பேசிக்குள் இருந்த பையன்.
அது எனக்கு உதவவில்லை.
பழக்குலையைத் தூக்குவதுபோல் தூக்கினேன்,
முள் எந்தப் பக்கம் என்று பார்த்து.
முள் ஆறும் கம்பியாக இருந்தது.

தாமான் வீடு, மெல்லிய சுவர்.
மூன்றாம் நாள் கேட்டருகே வந்து நின்றாள் தனபாக்கியம்:
“ராத்திரியில என்னத்தப் போட்டு ராவுற?”
அதிலிருந்து ஆலைக்கே கொண்டுபோனேன்.
மதியம் இரண்டு மணிக்கு நீராவி திறப்பார்கள்;
அந்த இரைச்சலுக்குள்
நான் வாசிப்பது எனக்கே கேட்காது.
அந்த மாதம்தான் நிறையக் கற்றுக்கொண்டேன்.

ஜுஹாரிக்கு மட்டும் எப்படியோ கேட்டிருக்கிறது.
லோரியை மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டு
சன்னல் வழியே கை நீட்டினான்:
“காக், மூணாவது கம்பி தூங்குது, கொடுங்க.”
ஏறி நின்று கொடுத்தேன்.
பின்னால் ஏழு லோரி ஹாரன் அடிக்க
அவன் காதைச் சாய்த்து முறுக்கினான்.
காலாவதியான ஓட்டுநர் உரிமத்தை வெட்டி
மீட்டுவதற்கு ஒரு முக்கோணமும் தந்தான்.
அதில் அவன் மோவாய் மட்டும் மிச்சம்.

கூண்டுக்குத் திரும்பித் திரையைப் பார்த்தேன்:
கித்தார் ஏறியதற்கு எண்ணில் ஒரு அசைவும் இல்லை.
பத்துக் கிலோவுக்குக் கீழே
இந்த மேடை எதையும் எண்ணாது.
தெரிந்த விஷயம்தான்.
இருந்தாலும் சீட்டை இன்னொரு முறை அச்சடித்தேன்.

ஆறாம் மாதம், ஒரு திங்கட்கிழமை,
வருகைப்பதிவு இயந்திரத்தில் இடது ஆள்காட்டி விரலை வைத்தேன்.
அடையாளம் இல்லை என்றது,
மலாயில், மரியாதையான பெண்குரலில்.
துடைத்து வைத்தேன். நக்கித் துடைத்து வைத்தேன்.
அடையாளம் இல்லை.
அலுவலகத்துப் பெண் விரலைத் திருப்பிப் பார்த்தாள்:
“என்ன இது, பால்மரம் வெட்டப் போறீங்களா?”
என் அம்மா வெட்டியவள்.
அவளுக்குக் காய்த்தது வலது கை.
இதைச் சொல்லவில்லை.
கித்தார் என்றேன்.
“அய்யோ, சாந்தகுமாரி அக்கா” என்று சிரித்தாள்.
முதன்முறையாக ஒருத்தரிடம் சொல்லியிருந்தேன்,
அதுவும் மேலாளருக்குக் கேட்கும்படி.

ஆறுதல் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.
வாசித்து முடித்தால் முதுகு வலிக்கிறது,
பாட்டு என்று சொல்ல ஒன்றரைதான் தெரியும்.
ஆனால் என் வேலையில் தப்புக்கு ஒரு படிவம் உண்டு,
மூன்று நகல், இரண்டு கையெழுத்து.
இந்தப் பெட்டியில்
ஒரே இடத்தில் நாற்பது முறை தவறினாலும்
எவரும் கணக்குக் கேட்பதில்லை.
நாற்பத்தொன்றாவதையும் அது வாங்கிக்கொள்கிறது.

எஃப் மட்டும் இன்னும் வசப்படவில்லை.
ஒரு விரல் ஆறு கம்பியையும் அடக்கவேண்டும்.
அடங்கிப் பழகிய விரல்,
அடக்கத் தெரியவில்லை.
நேற்று ஐந்து கம்பி பேசின.
ஒன்று டொக்கென்று கட்டைபோல் நின்றது.
மறுபடி அழுத்துவதற்குள்
மேடையில் ஒரு லோரி ஏறிவிட்டது,
பழம் நிறைய, மழை சொட்டச் சொட்ட.

இப்போது காலையில் வலது கட்டைவிரலை வைக்கிறேன்.
அது இன்னும் பழைய ஆள்தான்.
கதவு திறக்கிறது.