மூடாக்கு விளக்கு

ஏலத்தில் எடுத்த பட்டாள வண்டிக்கு
ஒரு கதவுதான் ஒழுங்காகச் சாத்தியது.
ஓசூரில் செய்த இன்ஜின்.
பனியில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு
இன்னொரு லாரியின் முதுகில் படுத்து
ராயக்கோட்டை ரோட்டுப் பட்டறைக்கு வந்திறங்கியபோது
டீசல் டாங்கியில் இரண்டு விரல் தண்ணீர்,
சீட்டுக்கடியில் ஒற்றைக் கையுறை.

திம்மக்கா சுற்றி வந்தார்.
டயரை உதைத்துப் பார்க்கவில்லை.
குனிந்து சேசிஸைத் தட்டினார்
பலாப்பழத்தைத் தட்டுகிற மாதிரி.
"இதுமேல க்ரேன் உக்காரணும்.
ஒன்றரை டன் தைலக் கட்டை
ஆள் தோள் படாம ஏறணும்."
போன வருஷம் கட்டை உருண்டு சிக்கியவன்
பெயரை அவர் சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.

க்ரேன் பீன்யாவில் கிடைத்த பழசு.
எந்தக் குளிர்தேசத்து மரத்தைத் தூக்கியதோ,
தகட்டில் தலைமேல் வட்டம் வைத்த எழுத்துகள்.
இரண்டு டன்னுக்கு நாற்பது கிலோ குறைவு.
நுனியில் நண்டுக் கொடுக்கு,
திறந்தபடி துருப்பிடித்து.

"சேசிஸ்ல நெருப்பு வைக்காதே" என்றார் கவுஸ் பாய்.
முப்பது வருஷம் வெல்டிங் வைத்தவர் சொன்னால்
அது சட்டம்.
சுட்ட இரும்பு
எந்தப் பள்ளத்தில் விரிசல் விடும் என்று
முன்கூட்டிச் சொல்லாதாம்.
அதனால் சேசிஸ் மேல் இன்னொரு சட்டம்,
பன்னிரண்டு எம்எம் தகட்டில்;
இடையில் ரப்பர் பட்டை;
எட்டு யூ போல்ட் போட்டு இறுக்க
பைப்பில் இரண்டு பேர் தொங்கினோம்.
என் அளவு பிசகி
கேபின் பின்கண்ணாடிக்கும் க்ரேனுக்கும் நடுவே
நான்கு விரல்தான் மிஞ்சியது.
ஸ்டெப்னிக்கு இடமில்லை.
திம்மக்கா என்னைப் பார்த்த பார்வையை
இங்கே எழுதப்போவதில்லை.

கியர்பாக்ஸ் விலாவில் பம்பு, பம்பிலிருந்து ஹோஸ்.
முதல் தடவை லீவரைத் தள்ளினேன்.
கை எழவில்லை, கால் இறங்கியது.
ஹோஸை மாற்றி மாட்டியிருக்கிறேன்.
இறங்கிய கால்
பஞ்சர் கடைச் சாக்கடை மூடியை உடைத்து
முழங்கால் ஆழம் போய் நின்றது.
தேவராஜி எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டான்,
பிறகு அவனே எல்லாருக்கும் டீ சொன்னான்.

பட்டாளப் பச்சையோடு ரோட்டில் விடமாட்டார்களே,
மஞ்சள் அடித்தோம்.
கதவின் உள்பக்கம் மட்டும் பச்சை நின்றுவிட்டது.
வண்டியின் வகை எழுத
ஆர்டிஓ படிவத்தில் கட்டம் போதவில்லை.

பம்பருக்கடியில் ஒரு சின்ன விளக்கு,
இமை மாதிரி தகர மூடாக்கு போட்டது.
விமானத்தில் வருபவன் கண்ணில் படாமல்
வரிசையாக ஊர்ந்து போகும் ராத்திரிகளுக்காம்.
தைலக் கட்டைக்கு எதற்கு?
வயரை வெட்டப் பிளேயரை எடுத்தேன்.
"இருக்கட்டும்" என்றார் டிரைவர் எர்ரப்பன்.
ஏன் என்று சொல்லவில்லை.

மார்கழி. அஞ்செட்டி ரோடு.
ஹோஸ் கசிகிறதென்று என்னையும் ஏற்றியிருந்தார்கள்.
ராகிக் காடு அறுவடைக்கு நின்றது.
வளைவில் எர்ரப்பன் சட்டென்று
பெரிய லைட்டை அணைத்தார், இன்ஜினை அணைத்தார்,
சுவிட்சை ஒரு பல் திருப்பினார்.

தார்மேல் பாய் விரிக்கிற அளவுக்கு வெளிச்சம்.
அதில் கால்கள்.
கால்கள் மட்டும்.
எண்ணினேன்: முப்பத்திரண்டு வரை சரி,
பிறகு சின்னக் கால் நான்கு ஓடிக் கலைத்துவிட்டது.

கடைசியாக வந்தது ரோட்டைத் தாண்டவில்லை.
வண்டியை உரசிக்கொண்டு பின்னால் வந்தது.
கண்ணாடிக்கு நான்கு விரல் அப்பால்
மடித்துப் போட்டிருந்த இரும்புக் கையை
மேலிருந்து கீழ்வரை
தும்பிக்கை தடவிப் பார்த்தது.
மூட்டில் நின்றது.
ஆயில் கசிந்த இடம் அதுதான்.

ஒரு தரம் ஊதிவிட்டுப் போனது.

காலையில் வாஷர் மாற்றினேன்.
கண்ணாடியில் ஆயில் பொட்டுகள்,
அதை எர்ரப்பன் துடைக்க விடவில்லை.