புள்ளி பதினேழு

ஸ்டாஃப் பிடிப்பவள் நான்; ஸ்டாஃப் இல்லை.
தினக்கூலி ஐந்நூற்று ஐம்பது, மதியச் சாப்பாடு என் செலவு.
நான்கு மீட்டர் அலுமினியக் கோல்,
உடம்பெல்லாம் கறுப்பும் சிவப்புமாக எண்கள்.
கொருக்குப்பேட்டையில் எங்கே ஊன்றினாலும்
யாராவது கேட்டுவிடுவார்கள்:
இன்னாமா, வூட்டை இடிக்கப் போறாங்களா?

மழைநீர்க் கால்வாய்க்கு மட்டம் எடுக்கிறோம் என்பேன்.
போன வருசமும் எடுத்தாங்களே என்பார்கள்.
அதுவும் உண்மை.

முக்காலிக்குப் பின்னால் ஒற்றைக்கண்ணை மூடிக்கொண்டு
தஸ்தகீர் சார் கத்துவார்:
முன்னால சாய். பின்னால சாய். மெதுவா.
கோல் சாயும்போதெல்லாம் எண் கூடும்;
நேராக நிற்கும் அந்த ஒரு நொடியில்தான்
ஆகக் குறைவு.
குறைந்ததைத்தான் எழுதிக்கொள்வார்.

அஞ்சல் வழியில் பி.ஏ. புவியியல் படிக்கிறேன்.
முதல் தாள் அரியர்.
இயற்கைப் புவியியலுக்கும் மானிடப் புவியியலுக்கும்
வேறுபாடு தருக, பத்து மதிப்பெண்.
பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.
இடப்பக்கம் நிலத்தோற்றம், காலநிலை, மண், நீர்.
வலப்பக்கம் மக்கள்தொகை, குடியிருப்பு, தொழில்.
நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது,
துறைமுகம் வரும்வரை.
அலைக்கு எதிரே சுவர் கட்டியவன் மனிதன், வலது.
காலகாலமாக வடக்கே நடந்துகொண்டிருந்த மணல்
சுவரில் முட்டித் தெற்கே தங்கிவிட்டது, இடது.
அங்கே கடற்கரை அகன்றது, சுண்டல் விற்றார்கள்.
இங்கே காசிமேட்டுக்கு வடக்கே
கடல் வீதி வீதியாகத் தின்றது,
லாரி லாரியாகக் கருங்கல் கொட்டினார்கள்
என்று கோட்டின் மேலேயே எழுதிக்கொண்டு போனேன்.
மூன்று போட்டிருந்தார்கள்.

தொலைவு பற்றியும் ஒரு கேள்வி இருந்தது.
ஆஸ்பத்திரிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் என்கிறது வரைபடம்.
ரயில்வே கேட் திறந்திருந்தால் அது சரி.
கூட்ஸ் வண்டி நின்றுவிட்டால் நாற்பது நிமிடம்.
எஸ்தரின் இரண்டாவது மகன் ஆட்டோவிலேயே பிறந்தான்,
கேட்டுக்கு இந்தப் பக்கம்.
பிறந்த இடம் என்ற கட்டத்தில்
ஆஸ்பத்திரி பெயரைத்தான் போட்டார்கள்.

கடல் மட்டம் என்று ஒரு மட்டம் கடலில் எங்குமே கிடையாது.
வருசக்கணக்காக ஏறி இறங்கிய தண்ணீரின் சராசரி அது.
அந்த இல்லாத கோட்டிலிருந்துதான்
எங்கள் சந்துகளுக்கு உயரம் எண்ணுகிறோம்.

புள்ளி பதினேழு, தேசம்மாவின் வாசற்படி.
ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டு
ஏறும் படி இறங்கும் படியாகிவிட்டது.
கோலோடு உள்ளே இறங்கினேன்.
சுவரில் மூன்று கோடுகள்:
ஒன்று அடுப்புக்கரி, ஒன்று நீலப் பெயிண்ட்,
ஒன்று மகளின் நெயில் பாலிஷ்.
இது மொத தபா. இது பெரிய மழை. இது மிக்ஜாம்,
இதுக்கு கரெண்டு அஞ்சு நாள் வர்ல.
திசைகாட்டும் அம்பு இல்லை, அளவை இல்லை, குறியீட்டு விளக்கம் இல்லை.
எழுதியிருந்தால் இதற்கும் மூன்றுதான் கிடைக்கும்.

சார் குனிந்து நுழைந்து டேப்பை இழுத்தார்.
எண்பத்தி நாலு சென்டி.
இல்ல சார், இடுப்பு, என்றாள் தேசம்மா.
கொஞ்ச நேரம் இருவரும் சுவரையே பார்த்தார்கள்.
சார் எண்பத்தி நாலு என்று எழுதி
பக்கத்தில் சின்னதாக
இடுப்பு என்றும் எழுதினார்.

சாயங்காலம் தொடங்கிய இடத்துக்கே வந்து முடித்தோம்,
மாவு மில் சுவரில் யாரோ எப்போதோ செதுக்கிய அம்புக்குறி.
பதினொரு மில்லிமீட்டர் உதைத்தது.
பரவால்ல, இருபத்திரண்டு புள்ளிக்கும் பிரிச்சிடலாம்,
ஆளுக்கு அரை மில்லி, என்றார்.
ஏத்தமா சார், எறக்கமா?
எறக்கம்.

கேட் மூடியிருந்தது.
கோலைச் சுருக்கித் தோளில் சாத்திக்கொண்டு
சைக்கிள்களுக்கு நடுவே நின்றேன்.
பெட்டிகளை எண்ணவில்லை.