சல்லிக்கு அடியில் ஒக்டோபர்

நானுஓயாவில் இருந்த மூன்று வருடத்தில்
பதினேழு கிழங்கு அழுகின.
தோண்டினால் விரலில் ஒட்டியது
கெட்டுப்போன வெங்காயத்தின் வாடை.
ஆனி மழைக்குத் தகரம் கட்டினேன்,
ஆட்டெரு போட்டேன், சாம்பல் தூவினேன்,
யாரும் இல்லாத வேளையில்
பேசிக்கூடப் பார்த்தேன்.

பிறகு மாற்றல் வந்தது, தியத்தலாவைக்கு.
மிச்சமிருந்ததை
டிக்கெட் கட்டு வந்த அட்டைப்பெட்டியில் அடுக்கி
மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.
பட்டிப்பொல தாண்டிச் சுரங்கத்தில் நுழையும்வரை
கண்ணாடியில் மழை.
வெளியே வந்ததும்
யாரோ குழாயை மூடியதுபோல் வெயில்.
மலைக்கு இரண்டு முதுகு என்று
அன்றுதான் உடம்புக்குத் தெரிந்தது.

குவார்ட்டர்ஸின் பின்னால் சரிவு.
முன்பு இருந்தவர் கறிமிளகாய் நட்டுக் கைவிட்ட இடம்.
தண்டவாளம் பார்க்கும் அந்தோனிமுத்து
அலவாங்கோடு வந்து ஒரு சுற்றுச் சுற்றி,
"கல்லு இல்லாத எடம் எதுங்கக்கா?" என்றான்.
கல் இருக்கட்டும் என்றேன்.
கழித்துப்போட்ட பழைய சல்லியில் எட்டுச் சாக்கு.
ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியும்,
தெரியாது.
பாதி மண்ணோடு, பாதி மேலே.
பாறை இடுக்குகளில் ஒவ்வொன்றாய் வைத்தேன்,
கழுத்து வெயில் பார்க்க.
நெரீன். லாச்செனாலியா. பெயர்ச்சீட்டு அழிந்த இரண்டு.
கீழ்ப்பாறையில் வாட்சோனியா.
ஓரத்தில் அகபந்தஸ்; அது எங்கே போட்டாலும் பிழைக்கும்,
அதனால் அதற்குக் கவிதை இல்லை.

வைகாசியில் இலை மஞ்சளாகிச் சாய்ந்தது.
"செத்துப்போச்சு" என்றான் அந்தோனிமுத்து.
கச்சான் வந்தது.
ஆடி முழுக்கப் புற்சரிவைச் சீவிக்கொண்டு அடித்தது,
கொடியில் போட்ட சேலை
பண்டாரவளைக்குப் புறப்படப் பார்த்தது.
வாளியைத் தூக்கிக்கொண்டு
பாறைவரை போவேன், திரும்புவேன்.
ஊற்றாமல் இருப்பது
கை வலிக்கிற வேலை.

லீவில் வந்த மச்சினர் யோகராசா
சல்லியைப் பார்த்தபடி தேநீர் குடித்தார்.
இந்த மலையில்தானே அந்தக் காலத்தில்
தென்னாபிரிக்கக் கைதிகளை அடைத்தார்கள்,
அவர்கள் பையில் வந்திருக்கும் என்றார்.
கடல் கடந்த கிழங்கு, கடல் கடந்த நாங்கள்
என்று தொடங்கினார்.
வெலிமடை நர்சரியில் வந்தது, மச்சான்.
முந்நூற்றைம்பது சொன்னான்,
முந்நூறுக்குக் கேட்டேன்.
கிழங்குக்கு நம் கதையைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.
அதற்கு வேண்டியது காய்ந்த நாலு மாதம்.

புரட்டாதிக் கடைசியில் ஒரு காலை
கீழ்ப்பாறை கிளறிக் கிடந்தது.
குழி. நார்த்தோல். கடித்துத் துப்பிய துணுக்கு.
கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு முள், பேனா நீளம்.
அந்த நாட்டிலும் முள்ளம்பன்றிதான்
இதைத் தோண்டித் தின்னுமாம்.
இங்கே உள்ளது
யாரையும் கேட்கவில்லை,
பெயர்ச்சீட்டை வாசிக்கவில்லை,
முகர்ந்தே கண்டுபிடித்திருக்கிறது.
நான் அழவில்லை.
காலை வண்டிக்கு டிக்கெட் கொடுக்கப் போனேன்.
முள்ளைப் பேனாக் குவளையில் போட்டுவைத்தேன்.

ஒக்டோபர் பன்னிரண்டு, மத்தியான மழை.
ஆறாம் நாள்
இலை ஏதும் இல்லாமல் வெறும் சல்லியிலிருந்து
நெரீன் ஒரு தண்டை நீட்டியது,
நுனியில் இறுக்கிச் சுருட்டிய சிவப்பு.
குனிந்து பார்த்ததில் ஒரு சரக்கு வண்டி
நான் கேளாமலே போய்விட்டது.

கீழ்ப்பாறையில் இந்த வருடம் பூ இல்லை.
குழியை மூடாமல் விட்டிருந்தேன், சோம்பலில்.
அதன் விளிம்பெங்கும்
துப்பிய துணுக்குகளிலிருந்து
ஊசி ஊசியாய்ப் பச்சை.
எண்ணினேன், இருபத்துமூன்று.
இரண்டாம் முறை இருபத்தைந்து.

அந்தோனிமுத்து கம்பி வலை கொண்டுவந்தான்.
நல்ல வலை, புதுசு.
சுருள் பிரிக்காமல்
சுவரோரம் சாய்த்துவைக்கச் சொன்னேன்.
நாளைக்கு யோசிக்கலாம்.