புதன்கிழமை மாத்திரை

நாலரைக்கு அடுப்பு மூட்டுகிறேன்.
பேசினில் சுடுதண்ணி, அதில் கொஞ்சம் பச்சைத்தண்ணி.
முழங்கையை முக்கிச் சூடு பார்ப்பது
பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தபோது
அம்மா பார்த்த முறை.
இருபத்திரண்டு வருசம்
மேக்கணக்குப் பிள்ளை, பணியக்கணக்குப் பிள்ளை என்று பாராமல்
மூக்குச் சீந்திவிட்ட கை
இப்போது தண்ணீருக்குள் இறங்குகிறது
யாரோ அடகு வைத்துவிட்டுப்போன சாமான் போல.

விரல்கள் விடிய ஒரு மணித்தியாலம் ஆகும்.
அதற்கு முன் நான் ஏதாவது பேசினால்
"இரு, இன்னும் வரல" என்பாள்,
பஸ்ஸைச் சொல்வதுபோல.

போன மாரியில்தான் கொண்டை போடப் பழகினேன்.
முதல் கொண்டை லிந்துலைக்குக் கிட்ட
பஸ்ஸுக்குள் அவிழ்ந்து விழுந்தது, எல்லாரும் பார்க்க.
"கிளட்ச் கேபிள்னு நெனச்சியாடா?"
நகத்தில் கிரீஸ் போவதில்லை.
தேங்காயெண்ணெயோடு அதுவும் கொஞ்சம்
அவள் தலையில் மணக்கும்.

மாத்திரைக் கணக்கு இது:
புதனுக்குப் புதன் நாலு.
மற்ற நாளெல்லாம் வேறொன்று, ஒவ்வொன்று.
இரண்டும் மஞ்சள். இரண்டும் பொடிசு.
காகித உறையில் சிங்களத்தில் எழுதியிருப்பதை
வாசிப்பேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஹட்டனுக்குப் போன ஹயர் ஒன்று
நடுச்சாமத்தில் முடிந்த அந்த ஐப்பசி இரவிலிருந்து
பத்து நாள், தினமும்,
புதனின் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

வாய் முழுக்கப் புண்.
ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்துக்
கூழாக்கி விழுங்கினாள்.
சம்பலில் உறைப்புக் கூடிப்போச்சு என்றாள்.

நுவரெலியா கிளினிக்கில் நம்பர் எழுபத்தொன்று.
டொக்டர் நோனா உறையைக் கவிழ்த்து எண்ணினார்.
யார் மருந்து கொடுப்பது என்று கேட்டார்.
நான் வாயைத் திறந்தேன்.
அதற்குள் அம்மா,
மீன் விலை கேட்க மட்டும் சிங்களம் பேசுகிறவள்,
"மமய் பிவ்வே நோனா. மட்ட வெரதுனா" என்றாள்.
தானே எடுத்துக் குடித்தாளாம்.
தனக்குத்தான் பிசகிப்போச்சாம்.

உறையில் நான் மூன்று சுற்று இறுக்கியிருந்த
றப்பர் பேண்ட்
இன்னும் டொக்டரின் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.
அதைப் பார்த்தார்.
மேசையில் கிடந்த அம்மாவின் விரல்களைப் பார்த்தார்.
பிறகு என்னை.
ஏச்சு அம்மாவுக்குத்தான் விழுந்தது.
முடியும்வரை தலையாட்டினாள்.

திரும்பும்போது நானுஓயா தாண்டியும் மப்பு விலகவில்லை.
கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே இல்லை,
அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.
"பிள்ளைக்காம்பராவுல ஒருக்கா நானும்
பூச்சி மருந்த மாத்திக் குடுத்துட்டேன்டா.
மருதாயி மகன் குடிக்க வேண்டியத
வேறொரு பிள்ளைக்கு. ரெண்டு நாள் வயித்தால போச்சு.
துரைக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது."

"அந்தப் பிள்ளை இப்ப எங்க?"

"ஆட்டோ ஓட்டுது."

சிரித்ததில் புண் எரிய
மடங்காத கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது புதனின் உறையில்
கோயில் கயிறு கட்டியிருக்கிறேன், சிவப்பு.
இன்று காலையும் கை பேசினுக்குள் இருக்கும்போதே கேட்டாள்.
"இன்னைக்குப் புதன்தானே?"
"செவ்வாய்."
"புதன்தானே?"
"செவ்வாய்ம்மா."
"ம்."

தண்ணி ஆறிவிட்டிருந்தது.
மறுபடி சுடவைக்க எழும்பினேன்.