மூன்று தட்டை, ஒன்று உருண்டை

தாம்பெரேவுக்கு வடக்கே ஏரிக்கரை நடனக்கூடம்.
ஜூலை. இரவு பத்தரைக்கும்
வெளிச்சம் கிளம்ப மனமில்லாமல் நிற்கிறது.
என் முதல் டாங்கோ இரவு.
மூன்றாம் பாட்டு முடிந்ததும்
அக்கார்டியனை மடியில் சாய்த்துக்கொண்டு
வில்யோ சொன்னான்:
"உன் விரல் கேட்கிறது. ஸ்வரம் கேட்கவில்லை."

பதினொரு வருஷம் நான் வாசித்தது
சுவர் வியர்க்கும் நிலவறைகளில்.
எவர்சில்வர் கம்பி, உருண்டைச் சுற்று,
இரண்டு கச்சேரிக்கு ஒரு புது செட்.
அலறும் இரு கித்தார்களுக்கு நடுவே
பல்லைக் காட்டினால்தான் பேஸ் பிழைக்கும்.
தந்தி என்றாலே அவசரச் சேதி என்று
அடித்துப் பழகிய கை.

இங்கே ஓர் அக்கார்டியன், ஒரு வயலின்,
பிரஷ்ஷால் தோலைத் தடவும் ஒருத்தி.
கீழே எழுபது ஜோடி.
கழுத்தில் என் கை நகரும்போதெல்லாம்
கிரீச்சென்று குறுக்கே ஓடுகிறது
ஓர் எலி.

ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள கடையில்
ரிகு கேட்டான், "எந்த மாதிரி சத்தம் வேண்டும்?"
சொல் வரவில்லை.
"கட்டிப்போட்ட படகு
அலைக்கு அசைந்து துறைக்கட்டையில் முட்டுமே,
அது" என்றேன்.
அவன் கணினியில் தேடினான்.
படகு என்று எதுவும் இல்லை.

நிக்கல் எடுத்துக்கொண்டு போனேன்.
முனை மழுங்கியது.
எலி போய் எலிக்குஞ்சு.

அடுத்த வாரம், கருப்பு நைலான் சுற்றியது.
தொட்டால் மழைக்கோட்டு.
நல்ல சத்தம்தான், தலையணைக்குள்ளிருந்து வந்தது.
வயலின் ஆரம்பித்ததும் நான் காணாமல் போனேன்.
இரண்டு பாட்டு வரை
யாரும் தேடவில்லை.

செலவு மிச்சமென்று
பாத்திரம் தேய்க்கும் பஞ்சை வெட்டி
கம்பிக்கடியில் பாலத்தருகே செருகினேன்.
டொக்.
அவ்வளவுதான்.
பிறந்த இடத்திலேயே செத்தது ஸ்வரம்.
போதாக்குறைக்கு எலுமிச்சை சோப்பு வாசனை.

கடைசியில் தட்டைச் சுற்று.
நாற்பத்தாறு யூரோ; வாடகைக்கு இன்னும் ஒன்பது நாள்.
நாடாபோல் இழைத்த எஃகு,
விரல் வழுக்கிக்கொண்டு போகிறது,
தடயமே இல்லை.
ஆனால் என்ன இழுவை!
காலையில் பார்த்தால் கழுத்து வில்லாகியிருந்தது.
உள்ளே ஓடும் இரும்பைக் கால் திருகு முறுக்கி
மாவு புளிக்கக் காத்திருப்பதுபோல்
ஓர் இரவு காத்திருந்தேன்.

பிறகு தடித்த கம்பியை ஒருமுறை தட்டினேன்.
தும்.
அலமாரியில் கண்ணாடிக் கோப்பை
தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டது.

ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை.
மூன்றுதான் மாற்றினேன்.
நாலாவது, எல்லாவற்றிலும் மெலிந்தது,
பழைய எவர்சில்வர். அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.
"கலந்து மாட்டினால் வரிசை உடையும்,
ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்"
என்றான் ரிகு.
தெரியும். தெரிந்துதான்.

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை.
பெண்கள் துணை கேட்கும் வேளை.
பச்சை ஜாக்கெட்காரி தரையைக் கடந்து
மூலையில் நின்ற லாரி டிரைவரிடம் போனாள்.
ஏற்கெனவே இரண்டு முறை பாதி வழியில் திரும்பியவள்.
அவள் ஒரு கால் வைத்த இடத்தில்
நான் ஒரு தும்.
மறு கால். தும்.
வயலின் எங்கெங்கோ போய்வந்தது.
நாங்கள் இருவர் மட்டும் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தோம்,
அவளுக்கு அது தெரியாது.

வில்யோ எதுவும் சொல்லவில்லை.
முதல் பாட்டில், ஐந்தாம் பாட்டில், இடைவேளைக் காபியில்.
ஒரு பன்னை என் பக்கம் தள்ளினான்.

கடைசி டாங்கோ, கடைசி வரி.
எல்லோரும் மூச்சைப் பிடிக்கும் அந்த இடைவெளி.
எனக்கு அங்கே வேலையே இல்லை.
நாலாம் நரம்பில் விரலை வைத்து
மேலிருந்து கீழே
மெதுவாக இழுத்தேன்.

கிரீச்.

வில்யோவின் பிடரி ஒரு நொடி நிமிர்ந்தது.
துருத்தி நிற்கவில்லை.